சமூக நலத் திட்டங்களில் அரசு வழக்கறிஞரின் பணி

சமூக நலத் திட்டங்களில் அரசு வழக்கறிஞரின் பணி என்பது முதியோர் ஓய்வூதியம், பொது விநியோகம், சத்துணவு, அங்கன்வாடி, மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை போன்ற திட்டங்கள் தொடர்பாக அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறுதல், அரசாணைகளையும் விதிகளையும் சட்ட நோக்கில் சரிபார்த்தல், நீதிமன்றத்தில் அரசின் சார்பில் ஆஜராதல் ஆகியவற்றை உள்ளடக்கியது. குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞரைப் பலரும் அறிவர். ரேஷன் அட்டை, உதவித்தொகை, மதிப்பூதியம் ஆகியவை குறித்த வழக்குகளில் அரசுத் தரப்பில் நிற்பவரைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இப்பணிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, பெரும்பாலும் அவரே மனுதாரராக எதிரில் நிற்கிறார். இக்கட்டுரை இந்தியாவில், சிறப்பாகத் தமிழ்நாட்டில், இப்பணி நடைபெறும் முறையை விளக்குகிறது.

பதவிகள்

ஒன்றிய அரசின் முதன்மைச் சட்ட அலுவலர் இந்தியத் தலைமை வழக்கறிஞர் ஆவார். அரசியலமைப்பின் 76ஆவது பிரிவின் கீழ் அவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவருக்கு அடுத்த நிலையில் சொலிசிட்டர் ஜெனரலும் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல்களும் உள்ளனர். மாநிலங்களில் 165ஆவது பிரிவின் கீழ் ஆளுநரால் நியமிக்கப்படும் அரசு தலைமை வழக்கறிஞர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அவருக்குக் கீழே கூடுதல் தலைமை வழக்கறிஞர்கள், மாநில அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர்கள், கூடுதல் அரசு பிளீடர்கள், அரசு வழக்கறிஞர்கள் என்று வரிசை நீள்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும், 2004 சூலை முதல் இயங்கும் அதன் மதுரைக் கிளையிலும் அரசுத் துறைகளின் வழக்குகள் இவர்களிடையே பிரித்துக் கொடுக்கப்படுகின்றன.

'மூத்த வழக்கறிஞர்' என்பது இவ்வரிசையில் உள்ள பதவி அன்று. அது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி நீதிமன்றம் வழங்கும் தகுதிநிலை. அத்தகுதி இல்லாத ஒருவர் அரசில் உயர்நிலைச் சட்டப் பொறுப்பில் இருக்கலாம். அத்தகுதி பெற்ற தனியார் வழக்கறிஞர் ஒருவரை ஒரே ஒரு வழக்குக்காக அரசு அமர்த்திக்கொள்வதும் உண்டு.

திட்டம் எதன் மேல் நிற்கிறது?

நலத்திட்டம் ஒன்றின் கோப்பு கைக்கு வந்ததும் அரசு வழக்கறிஞர் முதலில் பார்ப்பது அதன் சட்ட அடித்தளத்தை. முதுமை, நோய், வேலையின்மை ஆகிய நிலைகளில் அரசின் உதவி பற்றி அரசியலமைப்பின் 41ஆவது பிரிவும், ஊட்டச்சத்தை உயர்த்தும் கடமை பற்றி 47ஆவது பிரிவும் பேசுகின்றன. இவை அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள். இவற்றை நீதிமன்றத்தின் வழியாக நேரடியாகச் செயற்படுத்த முடியாது என்று 37ஆவது பிரிவு கூறுகிறது. இந்திய நலத்திட்டங்கள் பலவும் நெடுங்காலம் சட்டமன்றம் இயற்றிய சட்டங்களாக இல்லாமல் வெறும் அரசாணைகளாகவும் வழிகாட்டு நெறிமுறைகளாகவுமே இருந்தன. தமிழ்நாட்டில் 1982 சூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டமும் அரசின் நிருவாக அதிகாரத்தால் வந்ததே.

இந்த வேறுபாடு வழக்கின் போக்கையே மாற்றும். அரசாணையால் வந்த திட்டத்தை மற்றோர் அரசாணையால் திருத்தலாம், நிறுத்தவும் செய்யலாம். சட்டத்தால் வந்த உரிமையை அவ்வாறு செய்ய முடியாது. ஆகவே, மனுதாரரின் வழக்கறிஞர் இது உரிமை என்பார். அரசுத் தரப்பு இது கொள்கை முடிவு, நிதிநிலையைப் பொறுத்தது என்று பதில் சொல்லும். பல ஆண்டுகள் இப்பதில் எடுபட்டது.

அதன் வலுவைப் பெரிதும் குறைத்தது உணவு உரிமை வழக்கு. இராசத்தானில் வறட்சி நிலவியபோது, அரசுக் கிடங்குகளில் தானியம் தேங்கிக் கிடக்க மக்கள் பட்டினி கிடப்பதைச் சுட்டிக்காட்டி, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. 2001 நவம்பர் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட இடைக்கால உத்தரவு பொது விநியோகம், அந்தியோதயா அன்ன யோசனா, மதிய உணவு, ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், முதியோர் ஓய்வூதியம் உட்பட எட்டுத் திட்டங்களின் பயன்களைச் சட்டப்படி கோரத்தக்கவையாக ஆக்கியது. பள்ளிகளில் சமைத்த உணவு தரப்பட வேண்டும், அதில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும், ஆண்டில் குறைந்தது 200 நாள்கள் வழங்கப்பட வேண்டும் என்று அளவோடு கூறியது. உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்க்க ஆணையர்களும் நியமிக்கப்பட்டனர். இத்தகைய வழக்கில் அரசு வழக்கறிஞரின் வேலை வாதத்தோடு முடிவதில்லை. எந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் அடுப்பு எரிகிறது என்ற கணக்கைத் துறையிடம் பெற்று, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தபின் இத்திட்டங்களில் பலவற்றுக்குச் சட்ட அடித்தளம் கிடைத்தது. ஊரகத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு மக்கள்தொகை வரை அச்சட்டத்தின் கீழ் மானிய விலைத் தானியம் பெறலாம். தமிழ்நாடு 2016 நவம்பர் 1 முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. அனைவருக்குமான பொது விநியோக முறையையும் கைவிடவில்லை.

அரசாணை வெளிவருவதற்கு முன்

நீதிமன்றத்தில் தெரியும் பணியைவிடத் தலைமைச் செயலகத்தில் தெரியாமல் நடக்கும் பணி முக்கியமானது எனலாம். புதிய திட்டத்தின் வரைவை நிதித்துறையும் சட்டத்துறையும் பார்க்கின்றன. அங்கே கேட்கப்படும் கேள்விகள் எளிமையானவை. 'குடும்பம்' என்பது யார் யார்? மகன் வேறு ஊரில் தனி அட்டையோடு இருந்தால் தாய் தனிக் குடும்பமா? 'ஆதரவற்ற' என்பதை எப்படி அளப்பது? வருமானச் சான்று எந்த ஆண்டுக்குரியது? ஒரு சொல்லை வரையறுக்காமல் விட்டால் அதற்கு மாவட்டந்தோறும் ஒரு பொருள் கொள்ளப்படும். பின்னர் அத்தனை பொருளுக்கும் சேர்த்து உயர் நீதிமன்றத்தில் விடை சொல்ல வேண்டிவரும்.

முறையீட்டு வழி ஒன்றைத் திட்டத்திற்குள்ளேயே அமைப்பதும் இக்கட்டத்தில் செய்ய வேண்டியதே. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் இத்திட்டத்திற்குச் சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. தொடக்கத்தில் தேர்வானோர் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேல் கூடாது, ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பன போன்ற தகுதிகள் எண்களாகவே வகுக்கப்பட்டிருந்தன. ஏற்கப்படாதவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. 30 நாள்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யவும் வழி இருந்தது. இவ்வழி இல்லாதிருந்தால் விடுபட்ட பல லட்சம் பேருக்கு உயர் நீதிமன்றத்தைத் தவிர வேறு வாசல் இருந்திருக்காது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் மாவட்டக் குறைதீர் அலுவலர், மாநில உணவு ஆணையம் என்ற இரு படிகள் இதே நோக்கில் அமைக்கப்பட்டன.

வழக்கு வந்த பின்

உரிமையியல் வழக்கு என்றால் பொதுவாக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி அரசுக்கு இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும். நலத்திட்ட வழக்குகள் பெரும்பாலும் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனுக்களாகவே வருவதால் அந்த அவகாசம் அரசுக்குக் கிடைப்பதில்லை. மனு பட்டியலில் வரும் நாளிலேயே அரசு பிளீடர் அறிவிப்பைப் பெற்றுக்கொள்கிறார். அன்று அவர் கையில் இருப்பது மனுதாரர் எழுதியது மட்டுமே.

அடுத்துத் துறைக்குக் கடிதம் போகிறது. மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் விடை எழுதிய பத்திவாரிக் குறிப்புரை வர வேண்டும். ஓய்வூதிய வழக்கு என்றால் அது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து புறப்பட்டு மேலே வரும். அதைக் கொண்டு பதில் மனு தயாராகி, அலுவலர் கையொப்பமிட்டு, நீதிமன்றத்தில் தாக்கலாகும். குறிப்புரை வந்து சேரவே வாரங்கள் ஆகும். 'குறிப்புரை வரவில்லை, அவகாசம் வேண்டும்' என்று நீதிபதி முன் சொல்வது அரசு வழக்கறிஞரின் அன்றாடச் சங்கடம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மாதம் 1,200 ரூபாய் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் பெற்றுவந்த ஒருவருக்குத் திடீரென்று தொகை நின்றுவிடுகிறது. அவருக்குத் தரப்பட்ட கடிதத்தில் 'தகுதியின்மை காரணமாக இரத்து' என்ற ஒரு வரி மட்டும் உள்ளது. வழக்கு வந்தபின் அவர் பெயரில் வீடு இருக்கிறது, மகன் சம்பாதிக்கிறான் என்று அலுவலகம் குறிப்புரை அனுப்புகிறது. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எனினும் அரசு வழக்கறிஞர் அவற்றை நம்பி வாதிட முடியாது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியின்படி, ஓர் உத்தரவு அதில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே மதிப்பிடப்படும். பின்னர் தாக்கல் செய்யும் வாக்குமூலத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. மேலும், நிறுத்துவதற்கு முன் அப்பெண்ணுக்கு அறிவிப்புத் தந்து விளக்கம் கேட்கவில்லை. இயற்கை நீதியின்படி அது தனிப் பிழை.

இந்நிலையில் அனுபவமுள்ள அரசு வழக்கறிஞர் வாதத்தை நீட்டுவதில்லை. துறையிடம் பேசி, அந்த உத்தரவைத் திரும்பப் பெறச் செய்து, முறையான அறிவிப்புத் தந்து மீண்டும் விசாரிக்கச் சொல்வார். அரசு தோற்றதாகப் பதிவேட்டில் ஏறினாலும், அடுத்த நூறு கடிதங்கள் காரணத்தோடு எழுதப்பட்டால் அதுவே ஆதாயம்.

இவ்வழக்குகளில் மிகப் பெரும்பான்மை 'மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுக' என்ற கோரிக்கையோடு வருபவை. நீதிமன்றமும் 8 வாரத்திலோ 12 வாரத்திலோ சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்கும்படி கூறி வழக்கை முடித்துவைக்கும். இரு தரப்புக்கும் இது வசதியான முடிவு. பரிசீலித்த அலுவலர் மறுபடியும் ஒரே வரியில் நிராகரித்தால், அதே மனுதாரர் அடுத்த ஆண்டு இரண்டாவது வழக்கோடு வருவார். கெடு தவறினாலோ நீதிமன்ற அவமதிப்பு மனு வரும். அலுவலர்களை நேரில் அழைக்கும் வழக்கம் பெருகியதால், அதற்கான நடைமுறை நெறிகளை உச்ச நீதிமன்றம் 2024 சனவரி 3 அன்று வகுத்துத் தந்தது.

நீதிமன்றத்தில் சொல்லப்படும் சொல்

அரசு வழக்கறிஞர் எதையும் நேரில் கண்டு சொல்வதில்லை. துறை தரும் அறிவுறுத்தலையே சொல்கிறார். ஆயினும் அவர் வாயிலிருந்து வந்தால் அது அரசின் சொல். ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று 4:1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்க அரசுக்கு உள்ள அதிகாரத்தை அது ஏற்றது. விரல்ரேகை பொருந்தாமையால் தகுதியுள்ள எவருக்கும் பயன் மறுக்கப்படாது என்று அப்போதைய தலைமை வழக்கறிஞர் கே. கே. வேணுகோபால் கூறியதைத் தீர்ப்பு பதிவு செய்துகொண்டது. உழைத்துத் தேய்ந்த விரல் எந்திரத்தில் பதியாத முதியவருக்கு, அந்தப் பதிவு கையில் பிடித்துக்கொள்ளத்தக்க ஒரு வாதம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கின்போது வெளிமாநிலத் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தனர். மார்ச் 31 அன்று சொலிசிட்டர் ஜெனரல் துசார் மேத்தா, தமக்குத் தரப்பட்ட அறிவுறுத்தலின்படி அன்று காலை 11 மணி நிலவரப்படி சாலையில் எவரும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தார். பின்வந்த வாரங்களிலும் மக்கள் நடந்தார்கள். அதனை நாடே பார்த்தது. மே 26 அன்று நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சூன் 9 அன்று, தொழிலாளர்களை 15 நாள்களுக்குள் ஊருக்கு அனுப்ப உத்தரவிட்டது. அவ்வழக்கிலேயே 2021 சூன் 29 அன்று 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தை எல்லா மாநிலங்களும் அவ்வாண்டு சூலை 31க்குள் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அறிவுறுத்தலைத் தருபவர் யார், அவருக்குக் களத்திலிருந்து யார் சொன்னது, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னது என்று வழக்கறிஞர் துருவிக் கேட்க வேண்டிய அவசியத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு குறைவு.

கொள்கையும் நிதியும்

அரசு வழக்கறிஞர் துணிந்து எதிர்த்து வாதிட வேண்டிய வழக்குகளும் உள்ளன. வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் போன்றவற்றை இலவசமாக வழங்கும் தமிழ்நாட்டுத் திட்டங்கள் பொதுப் பணத்தை வீணாக்குவதாகக் கூறி எஸ். சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில், அவை அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகளோடு இயைந்த நலத்திட்டங்களே என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2013 சூலை 5 அன்று ஏற்றது. அக்கேள்வி 2022 ஆகத்தில் மூவர் அமர்வுக்கு மீண்டும் அனுப்பப்பட்டது.

'நிதி இல்லை' என்ற வாதத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். புதிய திட்டத்தைத் தொடங்கச் சொல்லி வரும் மனுவில் அது பொருத்தமான விடை. சட்டம் ஏற்கெனவே சுமத்திய கடமைக்கு அது விடையாகாது. இரத்லம் நகராட்சி சாக்கடை வசதி செய்யப் பணமில்லை என்றபோது, 1980இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அத்தீர்ப்பை எழுதிய வி. ஆர். கிருஷ்ணய்யர், அதற்கு முன்பே 1973இல் ஓர் இரயில்வே ஊழியரின் வழக்கில், அரசு எப்பாடுபட்டாவது வெல்லத் துடிக்கும் சாதாரண வழக்காடியைப் போல நடந்துகொள்ளக் கூடாது என்ற கருத்தை வலியுறுத்தியிருந்தார்.

நியமனம்

சட்ட அலுவலர் நியமனத்தில் ஆளுங்கட்சியின் சாய்வு நெடுங்காலமாக உள்ள குறை. பஞ்சாப் மாநிலம் எதிர் பிரிஜேஷ்வர் சிங் சாகல் வழக்கில் 2016 மார்ச் 30 அன்று, இந்நியமனங்கள் தகுதி அடிப்படையில் வெளிப்படையாக நடைபெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றச் சட்ட அலுவலர் நியமன விதிகள் 2017இல் வகுக்கப்பட்டன.

மேல்முறையீடு செய்வதா, விடுவதா?

உயர்நிலை அரசு வழக்கறிஞரிடம் துறை கேட்கும் மிகக் கடினமான கேள்வி இது. வழக்கு மேல்முறையீட்டுக்கு உகந்ததன்று என்று எழுதித்தர அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தோற்ற வழக்கை அப்படியே விட்டால் தணிக்கையில் கேள்வி வருமே என்ற அச்சம் அலுவலருக்கு. ஆகவே, தள்ளுபடியாகும் என்று தெரிந்தும், காலம் கடந்தும், உச்ச நீதிமன்றம் வரை சென்று 'முயன்றோம்' என்று கோப்பை மூடுவார்கள். மத்தியப் பிரதேச அரசின் ஒரு வழக்கில் 663 நாள் தாமதத்தைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபர் 15 அன்று இத்தகையவற்றைச் 'சான்றிதழ் வழக்குகள்' என்று கண்டித்து, 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, பொறுப்பான அலுவலர்களிடமிருந்து அதை வசூலிக்கச் சொன்னது.

அங்கன்வாடிப் பணியாளர்களின் பணிக்கொடை வழக்கு நெடிய பாதையைக் கொண்டது. 2006இல் கர்நாடக மாநிலம் எதிர் அமீர்பி வழக்கில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. குசராத்தில் ஓய்வுபெற்ற பணியாளர்கள் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டத்தின் கீழ் பணிக்கொடை கேட்டபோது, அமீர்பி தீர்ப்பு அரசுத் தரப்பின் கேடயம் ஆயிற்று. அச்சட்டத்தின் கட்டுப்பாட்டு அதிகாரி பணியாளர்களுக்குச் சாதகமாக ஆணையிட்டார். உயர் நீதிமன்றத் தனி நீதிபதியும் அதையே உறுதி செய்தார். நிருவாகம் மேல்முறையீடு செய்து 2017இல் இரு நீதிபதிகள் அமர்வில் வென்றது. பணியாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர்.

மணிபென் மகன்பாய் பாரியா வழக்கு என்று அறியப்படும் அதில், 2022 ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா அமர்வு பணியாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அமீர்பி தீர்ப்பு வந்த காலத்தில் அங்கன்வாடி என்பது அரசு ஆணையால் நடந்த ஒரு திட்டம் மட்டுமே. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உணவளிக்கும் கடமையை அங்கன்வாடிகளின் வழியாகவே அரசின்மேல் சுமத்திய பின் நிலை மாறிவிட்டது. அவை இப்போது சட்டக் கடமையை நிறைவேற்றும் அரசின் அங்கம் என்று நீதிமன்றம் கருதியது. பணியாளர்கள் பெறும் மதிப்பூதியம் பணிக்கொடைச் சட்டத்தின் நோக்கில் ஊதியமே என்றும் தீர்ப்பில் கூறப்பட்டது.